பத்தில் ஒன்றும், எஞ்சிய ஒன்பதும்

பிற சபைச் சகோதரர் ‘தசமபாகம்’ என்று வழங்குவதை நாம் ‘பத்திலொரு பங்கு’ என்கிறோம். சொல் இரண்டாயினும் பொருள் ஒன்றே. ஆயினும் அச்சொல்லைக் கேட்டதும் இரு சாரார் உள்ளத்திலும் எழும் உணர்வு ஒன்றன்று. நற்செய்திச் சபைகளிலும் பெந்தக்கோஸ்து சபைகளிலும் வழிபடுவோருக்கு அது மாதந்தோறும், பலருக்கு வாரந்தோறும், கைக்கொள்ளும் வாழ்க்கை முறை. நம்மவர்க்கோ அது மறைக்கல்வி வகுப்பில் எப்போதோ கேட்ட பழைய ஏற்பாட்டுச் செய்தி. அவர்கள் கொடுப்பதை வியப்போடும், சில வேளைகளில் ஏளனத்தோடும் நம் மக்கள் பேசக் கேட்டிருக்கிறோம். வியப்பும் ஏளனமும் ஆராய்வதற்குத் துணை செய்வதில்லை. எனவே அமைதியாக எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக நெல்லைச் சீமையின் பல பங்குகளில் பணியாற்றும் பேறு நமக்குக் கிட்டியுள்ளது. இங்கே ஊரின் ஒரு கோடியில் நமது ஆலயம் இருக்கும். மறுகோடியில் தென்னிந்தியத் திருச்சபையின் கோபுரம் நிற்கும். இடையே ஏதேனும் ஒரு தெருவில் தகரக் கூரையிட்ட ஜெபவீடு ஒன்று இருக்கும். ஒரே குடும்பத்தில் அண்ணன் நம் ஆலயத்திற்கும் தங்கை ஜெபவீட்டிற்கும் செல்வதுண்டு. ஆதலால் அவர்தம் ஈகையைப் பற்றி நூல்களில் படித்ததைவிட அண்டை வீடுகளில் கண்டதே மிகுதி.

அண்டை வீட்டில் கண்டது

பீடி சுற்றிப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர். நம் ஆலயத்துத் திருமுழுக்குத் தொட்டியில் திருமுழுக்குப் பெற்றவர். கணவர் நோயுற்றிருந்தபோது மருத்துவமனையில் இரவெல்லாம் உடனிருந்த ஜெபவீட்டாரின் அன்பினால் அங்குச் சென்று சேர்ந்தவர். சனிக்கிழமை பீடிக்கடையில் கூலி கைக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, அதில் பத்திலொன்றை எடுத்து ஒரு பழைய பால்மாவு டப்பாவில் இடுவதே. ஆயிரம் ரூபாய் கிடைத்தால் நூறு. அறுநூறு கிடைத்தால் அறுபது. அரிசிக்கடைப் பாக்கிக்கும் மகளிர் குழுத் தவணைக்கும் அதன் பிறகே இடம்.

“முதல்ல அவருக்குன்னு எடுத்து வச்சிருவேன் சாமி. அப்புறம் மிச்சத்துல எப்படியும் ஓட்டிரலாம்னு ஒரு தைரியம் வருது” என்றார் ஒருநாள். இறையியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் இறைப்பராமரிப்பை அவர் ஒரு டப்பாவில் அடக்கிவிட்டார் என்றே நமக்குத் தோன்றியது. ‘தனக்கு மிஞ்சித்தான் தானம்’ என்பது நம் ஊர்ப் பழமொழி. மிஞ்சும்வரை காத்திருப்பவனுக்கு என்றுமே மிஞ்சுவதில்லை என்பது நாம் அனைவரும் அறிந்த உண்மை. முதலில் எடுத்து வைப்பவரே கொடுக்க வல்லவராகிறார்.

அதே வீட்டில் வேறொன்றும் கண்டோம். வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர் நற்செய்திக் கூட்டத்தில், தசமபாகத்தில் பாக்கி வைத்திருப்பவர் ஆண்டவரை வஞ்சிக்கிறார், அவர் வீட்டின்மேல் சாபம் தங்கும் என்று முழங்கினார். அந்த அம்மையார் உடல்நலம் குன்றி வேலைக்குச் செல்லாத மாதங்களில் மகளிர் குழுக் கடனில் உண்டவர். அந்தக் கடன் தொகைக்கும் பத்திலொன்று தரவேண்டுமோ என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. மகளுக்கு அப்போது செவிலியர் படிப்பின் கட்டணம் கட்டவேண்டிய நேரம். அவர் காதிலிருந்த கம்மலை அடகு வைத்துப் ‘பாக்கி’யைச் செலுத்திவிட்டார். திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை செய்யும் மகன் விடுமுறைக்கு வந்து, செய்தி அறிந்து, நேரே நம்மிடம் வந்தார். “அம்மா இப்ப உங்க கோயிலுக்கு வர்றதில்லதான் சாமி. ஆனா நீங்க சொன்னா கேப்பாங்க. இது சரிதானான்னு சொல்லுங்க” என்றார்.

சரியா, தவறா என்று ஒரே சொல்லில் விடையளிக்கத்தக்க வினாவன்று அது. அந்தக் கம்மலில் பெருமைக்குரிய நம்பிக்கையும் இருந்தது. வருந்தத்தக்க அச்சமும் இருந்தது.

வழக்கம் வளர்ந்த வரலாறு

பத்திலொன்று கொடுப்பது நற்செய்திச் சபையார் கண்டுபிடித்ததன்று. ஆபிரகாம் மெல்கிசதேக்குக்குக் கொடுத்தார். யாக்கோபு பெத்தேலில் நேர்ந்துகொண்டார். மோசேயின் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. கி.பி. 585-இல் மாக்கோன் நகரில் கூடிய ஆயர் மன்றம், அதைச் செலுத்தாதோரைத் திருச்சபையிலிருந்து விலக்கவும் துணிந்தது. 779-இல் மன்னர் சார்லமேன் அதை நாட்டுச் சட்டமாகவே ஆக்கினார். மனமுவந்த காணிக்கை அவ்வாறு வரியாயிற்று. வரியானதும் வெறுப்புக்குரியதாயிற்று. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி ஒழித்த பழைய உரிமைகளுள் இந்த வரியும் ஒன்று. ஆக, பத்திலொன்றைக் கட்டாயமாக்கி அதன் கசப்பைச் சுவைத்த வரலாறு கத்தோலிக்கராகிய நமக்கே உரியது. பிறரைக் குறை கூறுமுன் இதை நினைவில் கொள்வது நலம்.

இன்று நற்செய்திச் சபைகளில் காணும் வழக்கம் பெரிதும் அமெரிக்க மண்ணில் உருவானது. அங்கே சபைகளுக்கு அரசு வரி கொடுத்துத் தாங்கும் முறை 1833-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முடிவுற்றதோடு முற்றிலும் மறைந்தது. அதன்பின் போதகரின் உணவும் ஆலயத்தின் கூரையும் மக்களின் மனத்தையே நம்பி நின்றன. ஆலய இருக்கைகளைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டும் பணம் திரட்டினர். 1870-களில் தாமஸ் கேன் என்னும் சிகாகோ வணிகர், பத்திலொன்று கொடுப்பதை வலியுறுத்தும் சிறு பிரசுரங்களைப் பெருமளவில் அச்சிட்டுப் போதகர்களுக்கு அனுப்பினார். இருக்கை வாடகை ஏழையைப் பின்வரிசைக்குத் தள்ளியது. பத்திலொன்றோ செல்வனையும் ஏழையையும் ஒரே அளவையால் அளந்தது. ஆதலால் பலரும் அதை வரவேற்றனர்.

ஆர்வம் எப்போதும் பணமாக மாறியதில்லை. தென்மாநில பாப்டிஸ்ட் சபையார் 1919-இல் 7.5 கோடி டாலர் திரட்டும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். மக்கள் வாக்களித்தது 9.2 கோடிக்கும் மேல். 1924-இல் கணக்கு முடித்தபோது வந்து சேர்ந்தது ஏறத்தாழ 5.8 கோடியே. இடையில் பருத்தி விலை வீழ்ந்ததும் வாக்குகள் வீழ்ந்தன. வாக்கை நம்பிச் செலவு செய்த சபை நிறுவனங்கள் கடனில் மூழ்கின. இக்காலத்து நிலையும் நாம் நினைப்பது போல் அன்று. கிறிஸ்டியன் ஸ்மித், மைக்கேல் எமர்சன் ஆகிய சமூகவியலார் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கக் கிறிஸ்தவர்களுள் ஐவரில் ஒருவர் ஒரு காசும் கொடுப்பதில்லை என்றும், வருவாய் உயர்வதால் ஈகையின் விழுக்காடு உயர்ந்துவிடுவதில்லை என்றும் காட்டியது. பத்திலொன்றைப் போதிப்பவர் பலர், கைக்கொள்வோர் சிலரே.

அச்சிலருள் பெருமக்கள் உண்டு. ஜான் வெஸ்லி தம் ஆக்ஸ்போர்டு நாள்களில் ஆண்டுக்கு 30 பவுன் ஈட்டியபோது 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனை ஈந்தார். வருவாய் 60 ஆயிற்று. அப்போதும் 28-இலேயே வாழ்ந்து 32-ஐ ஈந்தார். 120 ஆனபோது 92-ஐ ஈந்தார். பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளைப் பேணிய ஜார்ஜ் முல்லர், 1830-இல் இருக்கை வாடகையையும் நிலையான சம்பளத்தையும் கைவிட்டு, ஆலயத்தில் ஒரு பெட்டியை மட்டும் வைத்தார். எவரிடமும் கேட்பதில்லை என்பது அவர் நோன்பு. எனினும் வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார்.

நம் மண்ணிலும் சான்று உண்டு. நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1912-இல் தோர்ணக்கல் ஆயரானார்; ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் அவரே. அவருடைய மக்கள் பெரும்பாலும் நிலமற்ற தலித் மக்கள். வறியவரிடம் கேட்பது கொடுமை என்று அவர் கருதவில்லை. கேளாதிருப்பதே அவர்தம் மாண்பைக் குறைப்பது என்று கருதினார். கிறிஸ்தவ ஈகையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1903-இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனரி சங்கம், இந்தியர் பணத்தால் இந்தியரே நற்செய்தி அறிவிப்பது என்ற கொள்கையோடு எழுந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. மிசோரம் மலைகளில் 1910 முதல் இல்லத்தரசியர் ஒவ்வொரு வேளையும் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கின்றனர். அப்பிடி அரிசி அங்கே ஒரு திருச்சபையையே தாங்கி நிற்கிறது. நம் பக்கத்துச் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை பழகிய சொல்லே.

மூவகை மனம்

இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்க்கும்போது, கொடுப்போர் மனம் மூவகை என்று உணர்கிறோம்.

முதலாவது, கடன் செலுத்தும் மனம். சட்டம் சொல்கிறது, செலுத்துகிறேன், தீர்ந்தது. இதில் ஒழுங்கு உண்டு. ஆனால் தன்னிறைவும் உண்டு. கோவிலில் முன்னே நின்று, வருவாயில் எல்லாம் பத்திலொன்று கொடுப்பதாகச் சொல்லிக்கொண்ட பரிசேயனை லூக்கா நமக்குக் காட்டுகிறார். புதினாவுக்கும் சோம்புக்கும் சீரகத்துக்கும் பத்திலொன்று கணக்கிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மத்தேயு எழுதுகிறார். கொடுப்பதை அவர் தடுக்கவில்லை. கொடுத்துவிட்டதால் எல்லாம் முடிந்தது என்னும் எண்ணத்தையே தடுத்தார்.

இரண்டாவது, விதைத்து அறுக்கும் மனம். ஒன்று கொடு, நூறு வரும் என்னும் போதனை. அமெரிக்கப் போதகர் ஓரல் ராபர்ட்ஸ் 1970-களில் காணிக்கையை விதையாகக் காட்டி இப்போதனையை உலகெங்கும் பரப்பினார். 1987-இல் 80 இலட்சம் டாலர் சேராவிடில் இறைவன் தம்மை எடுத்துக்கொள்வார் என்று அவரே அறிவித்தபோது, நற்செய்திச் சபையார் பலரே தலைகுனிந்தனர். வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை திரும்பப் பெறும் அளவு குறித்துக் கொடுக்கும் கைம்மாற்று என்று வள்ளுவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பிரித்துக் காட்டிவிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘குறியெதிர்ப்பை’. இறைவனோடு குறியெதிர்ப்பைக் கணக்கு வைப்பவனின் கையில் காணிக்கை வட்டிக்கு விட்ட பணமாகிறது. நேர்ச்சை என்ற பெயரில் நம்மவரும் இக்கணக்கை வைப்பதுண்டு. அதையும் மறவாதிருப்போம்.

மூன்றாவது, நன்றியுள்ள மனம். பெற்றதெல்லாம் கொடை என்று அறிந்தவர், கொடுக்கும்போது இழப்பதாக உணர்வதில்லை. செல்வராயிருந்தும் நமக்காக ஏழையான கிறிஸ்துவை எண்ணியே பவுல் கொரிந்து நகரத்தாரிடம் எருசலேம் ஏழைகளுக்காகக் கையேந்தினார். அங்கே அவர் பத்திலொன்று என்று விகிதம் எதுவும் குறிக்கவில்லை. மனவருத்தமும் கட்டாயமும் இல்லாத ஈகையையே வேண்டினார். இரண்டாம் நூற்றாண்டின் புனித ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டில் சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டோர்க்கும் அயலார்க்கும் சென்றதைப் பதிவு செய்துள்ளார். அவருக்குப் பின் வந்த புனித இரனேயு, பழைய உடன்படிக்கையார் பத்தில் ஒன்றை இறைவனுக்கு உரியதாக்கினர், உரிமை பெற்ற மக்களோ தமக்குள்ள அனைத்தையும் அவருக்கு உரியதாக்குவர் என்று கற்பித்தார்.

நற்செய்திச் சபைகளிலும் இம்மூன்றாம் மனத்தார் உண்டு. ரொனால்டு சைடர் என்னும் அறிஞர் 1977-இல் எழுதிய நூலில், வருவாய் உயர உயர ஈகையின் விழுக்காடும் உயரவேண்டும் என்று வலியுறுத்தினார். நூறில் பத்தைக் கொடுக்கும் கூலிக்காரருக்கு அது சோறு. இலட்சத்தில் பத்தாயிரத்தைக் கொடுப்பவருக்கு அது உபரி. விழுக்காடு ஒன்றாயினும் சுமை ஒன்றன்று.

கைம்பெண்ணும் களஞ்சியமும்

அந்த அம்மையாரிடம் என்ன சொன்னோம் என்று வாசகர் வினவலாம். அவருடைய வேதாகமத்தையே எடுத்துத் தரச் சொன்னோம். அவர்கள் உபாகமம் என்றும் நாம் இணைச்சட்டம் என்றும் வழங்கும் நூலின் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்து, இறுதி இரு வசனங்களைப் படிக்கச் சொன்னோம். மூன்றாம் ஆண்டின் பத்திலொரு பங்கு ஊருக்குள்ளேயே வைக்கப்படவேண்டும். லேவியரும் அயலாரும் அநாதைகளும் கைம்பெண்களும் வந்து உண்டு நிறைவடையவேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. அவர் அதை இருமுறை படித்தார். “கைம்பெண்ணும்னு போட்டிருக்கு” என்றார் மெதுவாக. “ஆமாம்மா, கொடுக்கிற வரிசையில இல்ல, வாங்குற வரிசையில உங்களைப் போட்டிருக்கு” என்றோம்.

அதற்கு மேல் நாம் ஏதும் செய்யவில்லை. செய்தவர் அந்த ஜெபவீட்டின் போதகர். வார நாள்களில் கொத்தனார் வேலை செய்து, தம் மூன்று பிள்ளைகளைக் காப்பவர் அவர். செய்தி அவர் காதுக்கு எட்டியதும், வந்து சென்ற போதகரின் சொல்லைத் தாம் ஏற்கவில்லை என்று சபையிலேயே அறிவித்தார். அந்த அம்மையார் செலுத்திய தொகையைத் திருப்பிக் கொடுத்தார். நாற்பது பேர்கூட இல்லாத அச்சபை அடகு வட்டிக்கும் சேர்த்துத் தண்டல் எடுத்துக் கம்மலை மீட்டுத் தந்தது. மகளின் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியையும் ஏற்றுக்கொண்டது. மலாக்கி இறைவாக்கினர் ஆலயக் களஞ்சியத்தில் உணவு இருக்கவேண்டும் என்றார். எவருக்கான உணவு என்பதை அக்கொத்தனார் அறிந்திருந்தார்.

நம் இல்லத்துக் கணக்கு

இனி நம் பக்கம் திரும்புவோம். நம் மக்கள் கொடுக்கத் தெரியாதவர்கள் அல்லர். திருவிழாவில் தேருக்கும் அசனத்திற்கும் வாணவேடிக்கைக்கும் அள்ளித் தருகிறார்கள். ஆலயத்து மின்விசிறியின் இறக்கைகளிலும், வெளிச்சமே மறையும்படி குழல்விளக்கின் மீதும் ‘உபயம்’ எழுதியிருக்கிறோம். ஆயினும் ஞாயிறு காணிக்கைத் தட்டில் விழுவது சில்லறையே. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அருட்பணி ஆண்ட்ரூ கிரீலி, ஆயர் மக்மேனஸ் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1960-களின் தொடக்கத்தில் வருவாயில் 2.2 விழுக்காடு கொடுத்துவந்த அமெரிக்கக் கத்தோலிக்கர், 1980-களில் 1.1 விழுக்காட்டிற்கு இறங்கினர். புராட்டஸ்டாண்டு சகோதரரோ பழைய அளவிலேயே நின்றனர். திருச்சபைத் தலைமையின் மீதும், கருத்தடை பற்றிய அதன் போதனையின் மீதும் எழுந்த மனத்தாங்கலைக் கிரீலி முதன்மைக் காரணமாகக் கண்டார்.

நம் நாட்டில் மற்றொரு காரணமும் உண்டு. நாம் ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிதாக எழுந்த மதுரை மறைப்பணித்தளத்திற்கு வந்த உதவியில் ஒரு பகுதி, பிரான்சின் லியோன் நகரில் 1822-இல் தோன்றிய விசுவாசப் பரப்புதல் சங்கத்திலிருந்து வந்தது. அதற்கு வித்திட்ட பவுலின் ஜாரிக்கோ, பட்டு நெசவுத் தொழிலாளரைப் பதின்மர் பதின்மராகச் சேர்த்து, ஆளுக்கு வாரம் ஒரு சிறு காசு வீதம் திரட்டினார். அவர் 2022 மே 22 அன்று அருளாளராக உயர்த்தப்பட்டார். ‘வெளிநாட்டுப் பணம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் பணம், ஏழைத் தொழிலாளரின் கூலியிலிருந்து வந்த காசு. பெற்ற நாம் கொடுப்போராக வளர்ந்தோமா என்பதே கேள்வி.

சென்ற ஆண்டு நம் பங்குப் பேரவையில் இளைஞர் ஒருவர் எழுந்து, நம் பங்கிலும் குடும்பந்தோறும் பத்திலொன்று என்று வைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். பெரியவர் ஒருவர், வரிக்கே பாதிப்பேர் பாக்கி என்றார். வின்சென்ட் தே பவுல் சபையின் அம்மையார் ஒருவர் மட்டும் வேறொன்று கேட்டார்: “கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாண ஓலை வாசிக்கும்போது பாக்கியைக் கட்டுன்னு சொல்வீங்களா சாமி?” அவையில் நெடுநேரம் ஓசையே இல்லை. சில ஊர்களில் திருமணத்தின்போதும் அடக்கத்தின்போதும் பழைய வரிக் கணக்குப் புரட்டப்படுவதை அனைவரும் அறிவர். சாபம் என்று மிரட்டும் போதகருக்கும், ஏட்டைப் புரட்டும் நிர்வாகிக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. ஏழையரென்பதால் எவருக்கும் அருளடையாளங்களின் உதவி கிட்டாமல் போகக்கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 848-ஆம் எண்.

மூன்று அமர்வுகளுக்குப் பின் பேரவை நான்கு முடிவுகளை எடுத்தது. குடும்பங்களுக்கு விகிதம் எதையும் விதிப்பதில்லை. ஒவ்வொரு குடும்பமும் மாதத்தின் முதல் ஞாயிறு, தன்னால் இயன்றதை முன்னதாகவே எடுத்து வைத்து, பெயரிடாத உறையில் கொணரவேண்டும். திருமணத்தின்போதும் அடக்கத்தின்போதும் பாக்கியைப் பற்றிப் பேசலாகாது. வரவு செலவைச் சட்டத்தின் 1287-ஆம் எண் கேட்கிறபடி மக்களுக்கு அறிவிக்க, மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். நான்காவது முடிவே முதன்மையானது: பங்கின் மொத்த வருவாயில் பத்திலொன்றை, மின்கட்டணத்துக்கும் குருவின் செலவுக்கும் முன்னதாக, ஏழைகளுக்கென்று எடுத்து வைக்கவேண்டும், சபையோ சமயமோ பார்க்கலாகாது. எண்ணிக்கை நூலின் 18-ஆம் அதிகாரம், பத்திலொன்றைப் பெறும் லேவியரும் தாம் பெற்றதில் பத்திலொன்றைக் கொடுக்கவேண்டும் என்கிறது. வாங்கும் கை கொடுக்காவிட்டால், கொடுக்கும் கைக்குப் போதிக்கும் உரிமை அதற்கு ஏது?

இதனால் காணிக்கை பன்மடங்கு பெருகியது என்று எழுதினால் நாமும் விதைத்து அறுக்கும் போதகராகிவிடுவோம். சில மாதம் கூடியது; மழை பொய்த்த மாதங்களில் குறைந்தது. கணக்கை ஒட்டியதும் கேள்விகள் வந்தன. சில கேள்விகள் கூர்மையானவை. எனினும் அந்தப் பத்திலொரு பங்கு, சிறுநீரகச் சுத்திகரிப்புக்காக வாரம் இருமுறை நகருக்குச் செல்லும் இந்துச் சகோதரர் ஒருவரின் பயணச் செலவாகவும், இரு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகவும் ஆகியுள்ளது. உபயம் எழுத இடமில்லாத செலவுகள் இவை.

முடிவாக ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பத்திலொன்றைப் பற்றியே எல்லாரும் வாதிடுகிறோம். எஞ்சிய ஒன்பதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அந்த ஒன்பது எவ்வாறு ஈட்டப்பட்டது? கந்துவட்டியிலா, வேலையாளின் கூலியைக் குறைத்தா, மருமகள் வீட்டாரிடம் பறித்த வரதட்சணையிலா? அது எவ்வாறு செலவாகிறது? இரனேயு சொன்னபடி அனைத்தும் அவருக்கு உரியதாயின், நாம் தட்டில் இடும் ஒன்று, வீட்டில் வைத்துள்ள ஒன்பதுக்கும் சாட்சி சொல்லவேண்டும். அடுத்த மாத உறையில் பணத்தை இடுமுன், உறைக்கு வெளியே நிற்கும் தொகையையும் ஒருமுறை இறைவன் திருமுன் வைத்து எண்ணிப் பாருங்கள். எவ்வளவு இடவேண்டும் என்பதை அவ்வெண்ணிக்கையே உங்களுக்குச் சொல்லிவிடும்.